மரியாதை தெரிந்த அம்மா

செவந்தி பினாயில் வாளியைக் காலால் எட்டி உதைத்தாள்.

வெள்ளைத் தண்ணீர் வராந்தா முழுக்கப் பரவியது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த இருவரில் முன்னால் வந்தவன் வழுக்கி, சுவரைப் பிடித்து, பிடித்த கையோடு சறுக்கி, கடைசியில் உட்கார்ந்தே விட்டான்.

“ஏம்மா, கண்ணு தெரியாதா ஒனக்கு?”

“எனக்குத் தெரியும்ணே. வாளிக்குத்தான் தெரியல. அங்கிட்டுப் போகாதீங்க, காயட்டும். இடுப்பு கிடுப்பு ஒடிஞ்சுச்சுன்னா ஒங்களுக்கும் இங்கயே ஒரு கட்டில் போட்டுருவாங்க.”

சொல்லிக்கொண்டே துடைத்தாள். துடைத்த லட்சணத்தில் ஈரம் இன்னும் நாலடி அகலமானது. இன்னொரு கை இடுப்பில் செருகியிருந்த போனைத் தடவி ஒரு மிஸ்டு கால் கொடுத்தது. வேன் வந்துவிட்டது என்று வெளியே காத்திருப்பவருக்கு அர்த்தம்.

வந்தேவிட்டது. வாசலில் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. ஆறாம் நம்பர் அறையில் படுத்திருக்கும் உண்ணாமலையை அது ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால், அதற்கப்புறம் அந்தம்மாவை எந்த ஊரில் எந்தக் கட்டிலில் தேடுவது என்று யாருக்கும் தெரியாது.

திருமயத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த இடத்துக்கு ‘நிழற்குடை முதியோர் பராமரிப்பு இல்லம்’ என்று பெயர். “பஸ் ஸ்டாப்புக்கு வச்ச பேரை எடுத்து வச்சுக்கிட்டானுங்க. பொருத்தந்தான், எல்லாரும் கடைசி வண்டிக்குத்தானே உக்காந்திருக்காங்க” என்று வந்த அன்றே செவந்தி சொல்லிவிட்டாள். புதுக்கோட்டை கீழராஜ வீதியில், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் நிலவழகனுக்கு அவள்தான் உதவியாளர். டிகிரி முடித்தவள். இந்த வாரம் முழுக்க நிழற்குடையில் தரை துடைக்கிறாள், ஆறாம் நம்பர் அறைக்குள் மட்டும் இன்றுவரை விடவில்லை.

அனுப்பி வைத்தது புவனேஸ்வரி. அறந்தாங்கிக்காரி, குவைத்தில் நர்ஸ். கொரோனாவுக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவள், போன வாரம்தான் லீவு கிடைத்து வந்திருக்கிறாள். பக்கவாதத்தில் விழுந்த அம்மா உண்ணாமலையை அண்ணன் திருமுருகன்தான் இந்த இல்லத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான். வீடியோ காலில் கேட்டால் அம்மாவின் முதுகுதான் தெரியும். நேரில் கேட்டால், “இன்ஃபெக்‌ஷன் இருக்கு, இப்பப் பாக்கக் கூடாது” என்பான். இல்லத்திலோ, மகன் கையெழுத்து இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்களாம்.

“எங்கம்மா உசுரோட இருக்காங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்” என்று நிலவழகனிடம் கேட்டாள் புவனேஸ்வரி. கேட்டவளே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். “இருக்காங்கதான். அம்மாவ வச்சுப் பாக்குற செலவுக்குன்னு அண்ணன் வருசா வருசம் டாக்ஸ்ல கழிக்கிறாரு. அவரே காலேஜ்ல இன்கம்டாக்ஸ் பாடம் நடத்துற புரொபசர். செத்தவங்க பேர்ல கழிக்க முடியாதுல்ல?”

அவளுடைய நம்பிக்கை மொத்தமும் அந்த வரிக்கழிவின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

வேனுக்குப் பின்னாலேயே ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கிய நிலவழகன் இரண்டு கையிலும் தலையணை தலையணையாகப் பை வைத்திருந்தார். நேராக மேனேஜர் வெள்ளைச்சாமியின் மேஜைக்குப் போனார்.

“வணக்கம் சார். பெரியவங்களுக்கான டயப்பர். புது கம்பெனி. இன்னைக்கு சாம்பிள் ஃப்ரீ.”

‘ஃப்ரீ’ என்றதும் வெள்ளைச்சாமியின் முகம் மலர்ந்தது. “எத்தனை உருப்படி வச்சிருக்கீங்க?”

“இடுப்பளவு பாத்துத்தான் சார் குடுக்கணும். முதல்ல படுத்த படுக்கையா இருக்கிறவங்க. ஆறாம் நம்பர்ல ஒருத்தங்க இருக்காங்களாமே?”

“அவங்க இன்னைக்கு வேற எடம் போறாங்களே.”

“போற எடத்துலயும் டயப்பர் வேணும்ல சார்?”

வெள்ளைச்சாமி இலவசப் பைகளை ஒரு தரம் பார்த்தார். ஆறாம் நம்பர் அறையைக் கை காட்டினார்.

உள்ளே செவந்தி கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே எலும்பும் தோலுமாக ஓர் அம்மாள். வலது பக்கம் விழுந்துவிட்டது என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டியிருந்தது. வலது கால் உலக்கை மாதிரி நீட்டிக் கிடந்தது. வலது கை மார்பின் மேல் மடங்கிக் கிடந்தது. கண் மட்டும் அறைக்குள் வந்த ஆளை அளவெடுத்தது.

“பயப்படாதீங்கம்மா. இடுப்பு அளவு மட்டும் பாத்துக்கறேன்” என்றார் நிலவழகன்.

“ஒங்க இடுப்பளவ மொதல்ல பாருங்க சார். உங்களுக்கே எக்ஸ்எல் வேணும்” என்றாள் செவந்தி, கட்டிலுக்கு அடியிலிருந்து.

அந்த நேரத்தில்தான் வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஷூ சத்தம் வராந்தாவில் வந்தது, ஈரத்தில் நின்று யாரையோ திட்டியது, மறுபடி வந்தது. திருமுருகன் வாசலில் நின்றான். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த செவந்தி அப்போது கண்ணை எடுக்காமல் பார்த்தது கட்டிலைத்தான். அப்படிப் பார்த்திராவிட்டால் அதைத் தவறவிட்டிருப்பாள்.

உலக்கையாகக் கிடந்த வலது கால் சடக்கென்று மடங்கி, சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மார்பில் கிடந்த வலது கை எழுந்து முந்தானையை இழுத்துத் தோளை மூடியது.

“வாங்க...” என்றாள் அந்த அம்மாள். அடுத்து வரவேண்டிய ஏதோ ஒரு வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

திருமுருகனின் பார்வை ஒரு தரம் பிரம்பு மாதிரி விழுந்தது. கால் மெதுவாக வெளியே வந்தது. பழையபடி நீண்டது. பழையபடி செத்தது.

“யாருய்யா நீ?”

“டயப்பர் சார்.”

“வெளிய போ.”

போனார். வாளியைத் தூக்கிக்கொண்டு செவந்தியும் பின்னாலேயே போனாள். தண்ணீர்த் தொட்டி மறைவுக்கு வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

“சார்! செத்த காலு பொழச்சு, திரும்பவும் செத்துப் போச்சு. கண்ணால பாத்தேன்.”

“நானும்தான்.”

“அப்பக் கேஸ் முடிஞ்சுச்சு. நல்லா இருக்கிற அம்மாவ படுக்கப் போட்டு, மாற்றுத்திறனாளின்னு எழுதி வாங்கி டாக்ஸ்ல கழிக்கிறாரு புரொபசர். தங்கச்சி பாத்தா குட்டு ஒடைஞ்சிரும். அதான் பாக்க விடல, அதான் வேன். சரியா?”

“பாதி சரி.” நிலவழகன் இருபது வருஷம் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். எதையும் பாதியாக்கிப் பார்க்கிற பழக்கம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. “ஒன்ன ஒங்கம்மா எப்படிக் கூப்பிடுவாங்க?”

“எருமைன்னு.”

“வீட்டுக்குள்ள நொழஞ்சா?”

“‘வந்துட்டியா எரும’ன்னு.”

“‘வாங்க’ன்னு சொன்னதே இல்லையா?”

“சொன்னா நான் வீடு மாறிப் போயிட்டேன்னு அர்த்தம் சார்.” சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். இங்கே சாப்பாடு ஊட்டுகிற பெண் இரண்டு நாள் முன்னால் சொன்னது காதில் வந்து விழுந்தது. ‘ஆறாம் நம்பரம்மாவுக்கு என்னா மரியாதை தெரியுங்கிற! பெத்த புள்ளையக்கூட வாங்க, சாப்பிட்டீங்களான்னுதான் கேக்கும். புரொபசர்ல?’

புரொபசராவது? கலெக்டரே ஆனாலும் இந்தப் பக்கத்தில் பெற்றவளுக்கு அவன் ‘வாடா’தான்.

“அந்தக் காலு” என்றார் நிலவழகன். “ஒரு வயசான பொம்பள எந்த ஆம்பள முன்னாடி காலை மடக்குவா?”

செவந்திக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் அக்கா வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே போதும், அவள் அம்மா நீட்டிய காலை மடக்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். எழுபது வயதிலும். காய்ச்சலிலும்.

“மாப்பிள்ளை முன்னாடி சார்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “முழுங்குன வார்த்தை ‘மாப்ளே’. அய்யய்யோ, அது அவரோட அம்மாவே இல்ல. மாமியா!”

“புரொபசர் பொண்டாட்டி அமுதவல்லியோட அம்மா. பேரு பொன்னுத்தாய்.”

“அவங்க கொரோனாவுல செத்துட்டாங்கன்னு புவனா அக்கா சொன்னாங்களே? வருசா வருசம் தெவசம்கூட நடக்குதாமே?”

“அதான், செத்தவங்க காலை மடக்குறாங்க. நிச்சயம் பண்ணிக்கிருவோம், வா.”

“எப்படி சார் பண்ணுவீங்க?”

திருமுருகன் வெள்ளைச்சாமியின் மேஜையருகே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிலவழகன் ஆறாம் நம்பர் ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தினார்.

“என்னது? அமுதவல்லியா? புரொபசர் வீட்டம்மாவா? லாரியா! தலையிலயா அடி?”

கட்டில் கிறீச்சிட்டது.

அறைக்குள்ளிருந்து பொன்னுத்தாய் ஓடி வந்தாள். இரண்டு காலாலும் ஓடி வந்தாள். வாலிபன் ஒருவனை வழுக்கி விழவைத்த அதே ஈரத்தில் வழுக்காமல், தலைமயிர் அவிழ்ந்து தொங்க, “எம் மகளுக்கு என்னாச்சு? எம் புள்ளைக்கு என்னாச்சு?” என்று அலறிக்கொண்டு வந்தாள். ஸ்ட்ரெச்சர்க்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வெள்ளைச்சாமி எழுந்து நின்று, வாய் திறந்தது திறந்தபடி இருந்தார்.

“ஒண்ணும் ஆகலம்மா” என்றார் நிலவழகன். “உங்க மக நல்லா இருக்காங்க.”

அந்த அம்மாள் நின்றாள். தான் நிற்பதை அப்புறம்தான் பார்த்துக்கொண்டாள். தன் கால்களைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களைச் சேலைக்குள் மூடிக்கொண்டாள்.

“நீங்கல்லாம் ஒரு மனுசனா சார்?” என்றாள் செவந்தி, நிலவழகனைப் பார்த்து. இந்த முறை அதில் வேடிக்கை இல்லை. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

திருமுருகன் பேனாவை மூடினான். பயந்த மாதிரி தெரியவில்லை. வகுப்பில் பின்பெஞ்சு சத்தம் போட்டால் வருகிற எரிச்சல்தான் முகத்தில் இருந்தது.

“யார் நீங்க? புவனா அனுப்புன ஆளா? நல்லது. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? ஊர்ல எவன் மாமியாரை இத்தனை வருசம் வச்சுப் பாக்குறான்? சோறு, மருந்து, ஆள் கூலி எல்லாம் என் சம்பளம். அதுல கொஞ்சம் வரியில கழிக்கலாம்னு பாத்தா, சட்டம் என்ன சொல்லுது? மாற்றுத்திறனாளிய வச்சுப் பாக்குறதுக்கு எண்பது டிடின்னு ஒரு பிரிவு, அதுல பொண்டாட்டி, புள்ளை, அப்பன், ஆத்தா, கூடப்பொறந்தது. இவ்வளவுதான். மாமியா கெடையாது. நானும் வருசா வருசம் பசங்களுக்கு நடத்துறேன், நடத்தும்போதெல்லாம் வயிறு எரியும். மாமியா என்ன வானத்துலயிருந்து குதிச்சவளா?”

“அதனால அம்மாவா ஆக்கிட்டீங்க.”

“பேருதானே? ஒரு ஆதார் கார்டு. அந்தப் போட்டோவுல எல்லாருமே ஒரே ஜாடைதான்.”

“அந்தப் பேருக்குப் பக்கவாதம் இருந்துச்சு. சர்ட்டிபிகேட் இருந்துச்சு. அதனால இவங்களுக்கும் வரவைச்சீங்க.”

“இல்லத்து டாக்டர் வந்து பாக்குறாரு. படுத்திருக்கணும்ல?”

அவன் அதைச் சொன்ன விதத்தில் எந்த உறுத்தலும் இல்லை. பரீட்சைக்குப் பையன்கள் உட்கார்ந்திருக்கணும் என்கிற மாதிரிதான் சொன்னான்.

செவந்தி தரையில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் குந்தினாள். “ஏம்மா, நீங்களாவது எந்திரிச்சு நடந்து காட்டியிருக்கலாம்ல? வாயத் தொறந்து நான் பொன்னுத்தாய்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மாப்ளைக்கு வேலை போயிருமாம்த்தா. செயிலாம். எம் மக தெருவுல நிப்பாளாம்.” பொன்னுத்தாய் மாப்பிள்ளை இருந்த பக்கம் பார்க்காமலே பேசினாள். “ராத்திரி வெளக்க அணைச்சதும் செவத்தப் புடிச்சு நாலு நடை நடந்துக்கிருவேன். இல்லைன்னா காலு மறந்துருமே. வருசத்துக்கு ஒருக்கா எம் மக வரும். வடை, பாயாசம் எல்லாம் கொண்டாரும். மொத வருசம் என்னா விசேசம்னு கேட்டேன். அழுதுச்சு. அப்புறம் சொல்லுச்சு, ஒனக்குத்தாம்மா தெவசம்னு.”

“சாப்பிட்டீங்களா?”

“பசிக்கும்ல?”

செவந்தி அந்த அம்மாளின் அவிழ்ந்த தலைமயிரைச் சேர்த்து முடிந்துவிட்டாள்.

வராந்தாக் கடைசியில் நிழல் ஒன்று விழுந்தது. வேனுக்காகத் திறந்து போட்ட கேட்டை யாரும் சாத்தவில்லை. எதிர் டீக்கடையில் காத்திருந்த புவனேஸ்வரி உள்ளே வந்துவிட்டாள். கையில் ஒரு பை. அம்மாவுக்கென்று குவைத்தில் வாங்கிய மெத்தென்ற செருப்பு அதிலிருந்து எட்டிப் பார்த்தது. முகத்தை முன்கூட்டியே சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எடுக்கத் தெரியாமல் நின்றாள்.

“அத்தை? நீங்க எப்படி... நீங்கதான்...”

அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, எங்கம்மா எங்க?”

திருமுருகன் ஈரத் தரையைப் பார்த்தான். “எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சுத்தான் புவனா...”

“எங்கம்மா எங்கன்னு கேட்டேன்.”

பொன்னுத்தாய்தான் சொன்னாள். இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் வரிசையாக வந்தது. அந்தக் கொரோனா சமயத்தில் வீட்டில் இரண்டு கிழவிகளுக்கும் காய்ச்சல். அவளுக்கு இறங்கிவிட்டது, உண்ணாமலைக்கு மூச்சு முட்டியது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. இன்சூரன்ஸ் பொன்னுத்தாய்க்குத்தான் இருந்தது, உண்ணாமலைக்கு இல்லை.

“என் கார்டக் காட்டி, என் பேரச் சொல்லிச் சேத்தாங்கத்தா. பொழச்சு வந்ததும் சரியாப் போயிரும்னுதான். வரல. அங்கயே என் பேர்லயே போயிட்டா ஒங்காத்தா. சுத்திக் கட்டுன பொதியாத்தான் குடுத்தாங்க. மொகத்த யாரும் பாக்கல. எனக்குன்னுதான் எல்லாரும் அழுதாங்க. அவளுக்குன்னு ஒருத்தரும் அழுகல.”

புவனேஸ்வரி அழவில்லை. செருப்புப் பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். விழாமல் இருக்கிறதா என்று ஒரு முறை தட்டிப் பார்த்தாள்.

“போலீசுக்குப் போகலாம்மா” என்றார் நிலவழகன். “ஒரே ஒரு புகாருல இவர் செஞ்சது எல்லாம் வெளிய வந்துரும்.”

அவள் கேட்ட மாதிரியே இல்லை. பொன்னுத்தாயிடம் குனிந்தாள். “அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அம்மாவுக்குப் பேச்சு வந்துச்சா?”

“எங்கிட்டு? வாய் கோணுன நாளா கொழறல்தானே. ஒண்ணும் வெளங்காது.”

“சுருக்குப்பை வச்சிருந்தாங்களா?”

“அது எப்பவும் இடுப்புலதான கெடக்கும். ஒன் போன் நம்பர எழுதி உள்ள வச்சிருந்தா.”

புவனேஸ்வரி நிமிர்ந்தாள். நிலவழகனைப் பார்த்தாள். பேசியபோது குரல் டூட்டி நர்ஸின் குரலாக, நிதானமாக இருந்தது.

“சார், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன். அந்த மே மாசம் எனக்கு ஒரு போன் வந்துச்சு. நான் கவச டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டு வார்டுக்குள்ள நொழையுறேன். தஞ்சாவூர்லயிருந்து ஒரு நர்ஸ் பொண்ணு. ‘பொன்னுத்தாய்னு ஒரு பாட்டி இருக்காங்க மேடம், அவங்க பையில ஒங்க நம்பர்தான் இருக்கு. பேச வரல, ஒங்க குரலையாவது கேக்கணும்னு சைகை காட்டுறாங்க’ன்னுச்சு.”

செவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் சொன்னேன். ‘அது எங்கண்ணனோட மாமியாருங்க. எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் கெடையாது. அவங்க மகளுக்குப் போடுங்க, எனக்கு வேலை கெடக்கு’ன்னு. கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.”

அவள் பார்வை ஜன்னல் விளிம்பிலிருந்த செருப்புப் பைக்குப் போனது.

“ஸ்பீக்கர்ல போட்டுப் பாட்டி காதுகிட்ட வச்சிருக்கேன்னு அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லியிருந்துச்சு சார்.”